நீலக் காரில் படிந்த பிசின்

மாச்சாங்கிலிருந்து குவாலா கிராய் போகும் சாலையில் வான் மஸ்தூராவின் கார் கழுவும் கடை இருக்கிறது. தகரக் கூரை, தண்ணீர் பீய்ச்சும் மோட்டார், ஒரு பாலிஷ் மெஷின், கூட வேலை பார்க்க ஃபவுஸி. அவ்வளவுதான் கடை. ஆனால் பழைய பெயின்டை நம்பி ஒப்படைக்கலாம் என்று மஸ்தூராவுக்கு நல்ல பெயர். இருபது வருஷத்தில் அவள் கையால் ஒரு காரின் நிறம்கூட மங்கியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இழுவை லாரியில் ஒரு கரு நீலக் கார் வந்து இறங்கியது. பின்னாலேயே நிக் ராம்லி இறங்கினார். கப்பலில் சமையல்காரர். ஐம்பத்தெட்டு வயது, பெருத்த உடம்பு. இறங்கியவர் காரின் பின்பக்கத்தைக் காட்டினார்.

டிக்கி மூடியில், பூட்டு எப்போதோ கழன்று போன துளையைச் சுற்றி, இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பும் பழுப்புமாக ஏதோ அப்பியிருந்தது. துளையின் வாயில் அதே பிசின் விரல் நீளத்துக்குக் குழல் போல நீட்டிக்கொண்டிருந்தது. வழிந்து இறங்கிய கோடுகள் நம்பர் பிளேட் வரை போயிருந்தன.

"என்னண்ணே இது, காரைத் தார் டிரம்முல முக்கி எடுத்தீங்களா?" என்றான் ஃபவுஸி.

"உன் வாயில கொஞ்சம் தார் ஊத்தணும்டா," என்றார் நிக் ராம்லி. பிறகு மஸ்தூராவிடம் திரும்பினார். "பதினாலு மாசம் கப்பல்ல இருந்தேன் மஸ்தூரா. வீட்டுக்குப் பின்னாடி மாமரத்தடியில விட்டுட்டுப் போனது. வந்து பாத்தா இந்தக் கதி. நாப்பது வருஷத்துக் கார். கம்பெனியில அடிச்ச பெயின்ட், இன்னொரு கை படல. வர்ற வெள்ளிக்கிழமை திரங்கானுவுல பழைய கார்க்காரங்க எல்லாம் கூடுறோம். பெயின்ட் மாத்தாத கார்தான் முன் வரிசையில நிக்கும்."

"இந்தக் கீறல்?" பிசினின் ஓரத்தில் இருந்த கோட்டைக் காட்டிக் கேட்டாள் மஸ்தூரா.

அவர் தலையைச் சொறிந்தார். "அம்பது காசு நாணயத்தால ஒரே ஒரு தடவை சுரண்டினேன். டோலா சொன்னான், பெட்ரோல் ஊத்தித் தேய்ன்னு. வாங்கிக்கிட்டே வந்துட்டேன்."

பெயின்டையே கரைத்துவிடும் அந்தப் பெட்ரோல் பாட்டிலை அவர் கையிலிருந்து மஸ்தூரா வாங்கிக் கடைக்குள் தூரமாக வைத்தாள். "டோலா அண்ணனும் முன் வரிசையில நிக்கறவர்தானே?"

"ஆமா."

"அதான் சொல்லியிருக்காரு."

அவள் குனிந்து பிசினை நகத்தால் தொட்டாள். ஒட்டிக்கொண்டு நூலாக நீண்டது. முகர்ந்தால் சாம்பிராணி போல ஒரு வாசம். தார் இல்லை, ரப்பர் பாலும் இல்லை. என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே குழலின் வாயில் ஒரு தலை தெரிந்தது. எறும்பளவு. கறுப்பு. அது அவளைப் பார்த்தது போல ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் பறந்து போனது. பின்னாலேயே இன்னொன்று.

"கொசுத்தேனீ!" என்றாள் மஸ்தூரா.

பூட்டு இல்லாததால் டிக்கியை வெளியிலிருந்து திறக்க முடியவில்லை. பின் இருக்கையைக் கழற்றி மடக்கிவிட்டு டார்ச்சோடு உள்ளே தலையை நீட்டினாள். பிறகு வெகுநேரம் அவள் வெளியே வரவில்லை.

"அக்கா, உள்ள உயிரோட இருக்கீங்களா?"

"இங்க வாடா. மெதுவா வா. மூச்சைப் பிடிச்சிக்கிட்டு வா."

டிக்கியின் ஒரு மூலை முழுக்க ஊராகியிருந்தது. கறுத்த திராட்சைக் குலை போல நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னக் குடங்கள். விளக்கு வெளிச்சம் பட்டதும் உள்ளிருந்த தேன் பொன்னாக ஒளிர்ந்தது. நடுவே முட்டை அறைகள் சுழல் படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக ஏறிப்போயின. அதற்கெல்லாம் மேலாக மஸ்தூராவை வியக்க வைத்தது வேறு ஒன்று. டிக்கியைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டை வெடித்து உதிர்ந்து போயிருந்தது. வெடித்த இடமெல்லாம் தேனீக்கள் பிசின் பூசி அடைத்திருந்தன. பருவமழை ஒன்று முழுதாக அடித்து ஓய்ந்திருக்கிறது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. ஸ்டெப்னி டயர் வைத்தபடியே காய்ந்து கிடந்தது.

"என் காரை என்னைவிட நல்லா பாத்திருக்குங்க," என்றார் நிக் ராம்லி.

பள்ளி பஸ் ஓட்டும் சுஹைமி மஸ்தூராவோடு படித்தவன். வீட்டுக்குப் பின்னால் இந்தத் தேனீக்களைப் பெட்டிகளில் வளர்க்கிறான். அந்தப் பக்கம் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு பள்ளி உண்டு; சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஒரு மரப்பெட்டியோடு வந்தான்.

"கொட்டாது மஸ். கொடுக்கே கிடையாது. தலைமுடிக்குள்ள பூந்து கடிக்கும், அவ்வளவுதான். நீ முக்காடு போட்டிருக்க, தப்பிச்ச. நிக் அண்ணனுக்கும் பயமில்ல, அவர் தலையில பிடிக்க ஒண்ணும் இல்ல."

எல்லாம் கூடு திரும்பும்வரை காத்திருந்து, கூட்டைத் துண்டு துண்டாக, குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் ஏந்திப் பெட்டிக்கு மாற்றினான். பிறகு காரை நாலடி முன்னே தள்ளச் சொல்லி, பூட்டுத் துளை இருந்த அதே இடத்தில், அதே உயரத்தில் பெட்டியை ஒரு ஸ்டூல் மேல் வைத்தான். "வழக்கமான இடம் தேடித்தான் வரும். ஒரு வாரம் அசைக்காதே."

மறுநாள் மஸ்தூரா பிசினில் கைவைத்தாள். மூடியின் உள் விளிம்பில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், முதலில் பரிசோதித்தாள். முடி உலர்த்தும் மெஷினால் இதமாகச் சூடு காட்டி, சமையல் எண்ணெயில் நனைத்த வெள்ளைத் துணியை அதன்மேல் ஊற வைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்தாள். மேல் பிசின் கொஞ்சம் வந்தது. அடியில் இருந்தது அசையவில்லை. லேசாக ஒரு இழுப்பு இழுத்தாள். துணியைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளைத் துணியில் நீலம்.

இந்தக் காலத்துக் கார்களுக்கு நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு உண்டு. இதற்குக் கிடையாது. தேய்த்தால் நேராக நிறமே வரும். அழுத்தாமல் தேய்த்தால் பிசின் வராது. அழுத்தினால் பெயின்ட் போய்விடும். நாள் முழுக்கப் போராடியும் கட்டைவிரல் அகலம்தான் சுத்தமாயிற்று.

"முன் வரிசை வேண்டாம் மஸ்தூரா. இப்படியே விட்டுடு," என்றார் நிக் ராம்லி.

"நாளைக்கு ஒரு நாள் பாக்கலாம்ணே."

செவ்வாய்க்கிழமை காரை வெயிலுக்குத் தள்ளினாள். மெஷின் சூட்டைவிட வெயில் சூடு பெயின்டுக்கு நல்லது, பிசின் தானாக இளகட்டும் என்று விட்டுவிட்டு நாசி கெராபு சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தாள். பாதி சாப்பாட்டில் ஃபவுஸி கூப்பிட்டான். அவன் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

"அக்கா. கையைக்கூட கழுவ வேணாம். வாங்க."

டிக்கி மூடி மேல் தேனீக்கள். பத்து, இருபது, அதற்கு மேல் எண்ண முடியவில்லை. இளகிய பிசினை வாயால் கவ்வி, காலை ஊன்றிப் பின்னோக்கி இழுத்தன. முடியிழை போல நீண்டு, அறுந்து வந்ததை உருட்டிப் பின்னங்காலில் அப்பிக்கொண்டன. இரண்டு காலிலும் பளபளவென்று பொட்டு நிறைந்ததும் எழும்பி, நேராகப் பெட்டிக்குப் பறந்தன. பெட்டியின் புது வாசலில் ஒரு குழல் முளைக்கத் தொடங்கியிருந்தது.

மஸ்தூரா முகத்தைக் கிட்டே கொண்டு போனாள். ஒரு தேனீ பிசினைப் பிடுங்கிய இடத்தில், கடுகளவு வட்டத்தில், நீலம் தெரிந்தது. அதில் வானமும் அவள் முக்காட்டின் ஓரமும் பளிச்சென்று தெரிந்தன. ஒரு கோடு இல்லை, ஒரு மங்கல் இல்லை.

"யா அல்லாஹ்," என்றாள். சோறு அப்பிய கையோடு அப்படியே நின்றாள்.

சுஹைமி வந்து பார்த்துச் சிரித்தான். "பழைய பிசினை விட மாட்டாங்க. காட்டுல மரம் மரமா அலைஞ்சு சேர்த்தது ஆச்சே. இளகினா போதும், வந்து எடுத்துக்குவாங்க. ஆனா கார்லேர்ந்து எடுத்து நான் பாத்ததில்ல."

அதன்பிறகு மஸ்தூரா செய்த வேலையெல்லாம் காரை வெயிலுக்கு நகர்த்துவதும், நிழலுக்குத் திருப்புவதும்தான். மூடியைக் கை வைத்துப் பார்ப்பாள். ரொம்பச் சுட்டால் சற்றுத் தள்ளி நிறுத்துவாள். புதன் மதியம் மழை வந்தபோது தேனீக்களுக்கு முந்தி அவள் தார்ப்பாயோடு ஓடினாள். நிக் ராம்லி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக் காருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். கழுவ வந்தவர்கள் தங்கள் காரை மறந்து அவர் பக்கத்தில் குந்தினார்கள். யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. ஒரு லாரிக்காரர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு நின்றார். ஏன் என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது.

வியாழன் மதியத்துக்குள் குழலும் இல்லை, திட்டும் இல்லை. தேனீயின் வாய்க்குச் சிக்காத மெல்லிய பிசுக்குப் படலம் மட்டும் மீதி. அதன்மேல் எண்ணெய்த் துணியைப் போர்த்திக் கால் மணி நேரம் விட்டு, மஸ்தூரா ஒற்றி ஒற்றி எடுத்தாள். இந்த முறை துணியில் பழுப்பு மட்டும்தான். சோப்புத் தண்ணீர் விட்டு அலசி, மிருதுவான துணியால் துடைத்தாள். நிக் ராம்லி நாணயத்தால் போட்ட கீறல் மட்டும் இருந்தது.

"அதையும் பாலிஷ் போட்டு எடுத்துரவாணே?"

நிக் ராம்லி கீறலைத் தடவினார். "வேணாம்மா. இந்தக் கார்ல தப்பு பண்ணது நான் ஒருத்தன்தான். இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் காருக்குப் புது பேட்டரியும் டிக்கிக்குப் புதுப் பூட்டும் மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் மனைவி முன் இருக்கையில் இருந்தாள். அவர் மட்டும் இறங்கி வந்து பெட்டியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். முன் வரிசையில் நிற்க வைத்ததாகவும், நடந்ததைச் சொன்னால் டோலா நம்பாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதாகவும் மதியம் போனில் சொன்னார். "சிரிக்கட்டும்ணே. திரும்பி வரும்போது இங்க கூட்டிட்டு வாங்க," என்றாள் மஸ்தூரா.

சனிக்கிழமை ஃபவுஸி தன் பழைய வேனை ஓரமாக நிறுத்தியிருந்தான். அதன் கதவில், எப்போதோ ஒட்டிக் கிழித்த ஸ்டிக்கரின் பசை அழுக்கேறிக் கிடந்தது. மதிய வெயிலில் அதன்மேல் இரண்டு தேனீக்கள் வந்து இறங்கின. வாயால் தொட்டுப் பார்த்தன. ஒன்று காலை ஊன்றி இழுக்க ஆரம்பித்தது.

"அக்கா," என்றான் ஃபவுஸி மெதுவாக, "வேனை இன்னும் கொஞ்சம் வெயில்ல தள்ளவா?"