இடி இடித்தால் மெயினை இறக்கு

ஆடிப்பெருக்கு அன்று ஊரெல்லாம் ஆற்றைத் தேடிப் போகும். சிவகாசிக்காரர்கள் ஆல்பத்தைத் தேடிப் போவார்கள். அடுத்த வருடக் காலண்டருக்கான மாதிரிகளை எல்லாம் கோத்த ஆல்பம் அன்றைக்குத்தான் பூசை போட்டு வெளியே வரும். முருகன், மகாலட்சுமி, பொக்கைவாய் தெரியச் சிரிக்கும் குழந்தை, யாரும் போய்ப் பார்த்திராத பனிமலை என்று புரட்டப் புரட்டத் தீராது. முதல் நாள் ஆர்டர் எப்படியோ அப்படித்தான் வருடம் முழுக்க என்று அச்சகக்காரர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை அப்படியே தூக்கி இந்த வருடம் யோகேஸ்வரியின் தலையில் வைத்திருந்தார் அவளுடைய பெரியப்பா அய்யாதுரை.

அவருக்குச் சிவகாசியில் அச்சகம், ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுத் தொழிற்சாலை, விருதுநகரில் மிளகாய் வத்தலும் பருப்பும் மொத்த வியாபாரம். மூன்றுக்கும் ஆர்டர் வருவது கம்ப்யூட்டர் வழியாகத்தான். போன வருடம் வரைக்கும் அதெல்லாம் வாடகைக் கிளவுடில் கிடந்தது. எங்கோ இருக்கும் எவனோ ஒருவனுடைய மிஷினில் நம் சரக்கு விவரத்தை வைத்துக்கொண்டு, மாதாமாதம் வாடகை கட்டுவதுதான் அது. தீபாவளி நெருங்கும் நேரத்தில் அந்தக் கம்பெனியின் காவல்கார புரோகிராம் விலைப்பட்டியலை வாசித்தது. ஆட்டம் பாம், ராக்கெட், ஏழு ஷாட், பன்னிரண்டு ஷாட். வாசித்துவிட்டு, இவர்கள் ஆயுத வியாபாரிகள் என்று முடிவு கட்டி, கணக்கை இழுத்துப் பூட்டிவிட்டது! காலண்டர், மிளகாய் வத்தல் எல்லாம் சேர்ந்தே பூட்டுக்குள் போயின. ஐயா, இது பிள்ளைகள் வெடிக்கிற வெடி என்று எழுதிய கடிதங்களுக்கெல்லாம் இன்னொரு புரோகிராம் பதில் எழுதியது. பூட்டுத் திறந்தபோது தீபாவளி முடிந்து, தெருவில் காகிதக் குப்பையையும் கூட்டி அள்ளியிருந்தார்கள்.

சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சர்வர் மிஷின்களைப் பராமரிக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்த யோகேஸ்வரி அந்தத் தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தாள். வீடே இழவு வீடு மாதிரி இருந்ததைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"நமக்கு நாமே கிளவுட் கட்டிக்கிடலாம் பெரியப்பா. ஓப்பன்ஸ்டாக்குன்னு ஒண்ணு இருக்கு. உலகம் பூராவும் இருக்கிறவங்க சேர்ந்து எழுதித் தொறந்து வச்சிருக்காங்க. யாரும் எடுக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், திருத்தலாம். பத்து மிஷினைச் சேத்து ஒரே மிஷின் கணக்கா ஆக்கி, யாருக்கு எம்புட்டு வேணுமோ அம்புட்டு வெட்டிக் குடுக்கும். எவனும் வந்து பூட்ட முடியாது."

அய்யாதுரை கேட்ட முதல் கேள்வியே பட்டாசுக்காரர் கேள்விதான். "ஒரு மிஷின் வெடிச்சிருச்சுன்னா?"

"மிஷின் வெடிக்காது, நின்னுபோகும். நம்ம ஃபேக்டரில வெடிமருந்து அறைகளை ஏன் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கீக? ஒண்ணு போனாலும் மத்தது நிக்கணும்னுதான? இதுவும் அப்படித்தான். சிவகாசில கொஞ்சம், ஏழாயிரம்பண்ணை ஆபீஸ்ல கொஞ்சம், விருதுநகர்ல கொஞ்சம். ஒவ்வொரு விவரமும் மூணு இடத்துலயும் இருக்கும். மூணுல ரெண்டு உசுரோட இருந்தா வேலை நடக்கும்."

"ஒண்ணு மட்டும் மிஞ்சுச்சுன்னா?"

"அது தன்னிச்சையா ஒண்ணும் செய்யாது. வாயை மூடிட்டு உக்காந்துக்கிடும்."

அவர் தலையை ஆட்டினார். "இதை எழுதினவன் விவரமானவன்தான்," என்றார்.

விருதுநகர் வியாபாரத்தைப் பார்க்கும் அவருடைய மகன் தருண்குமாருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. வேறு வாடகைக் கிளவுடுக்குப் போவோம் என்பது அவன் கட்சி. யோகேஸ்வரி பழைய சர்வர்களைத் தேடி வாங்கி வந்து அவனுடைய ஏசி அறையில் அடுக்கியபோது, "ஆடிக்காத்துல அம்மியே பறக்குமாம். உன் ஓட்டை மிஷின் எம்மாத்திரம்?" என்று சிரித்தான். அய்யாதுரை மகனையும் பார்த்தார், தம்பி மகளையும் பார்த்தார். தீர்ப்புச் சொன்னார்: "ஆடிப்பெருக்கு அன்னைக்கு இது நிக்காம ஓடிருச்சுன்னா இதுதான். ஒரு தடவை நின்னாலும் மறுநாள் தருண் சொல்றபடிதான்."

யோகேஸ்வரி சென்னை வேலையை விட்டாள். அவளுடைய ஆசை பெரியப்பாவின் மூன்று தொழிலோடு நிற்கிற ஆசையும் இல்லை. சிவகாசி அச்சகங்கள் எல்லாம் ஆளுக்கு நாலு மிஷின் போட்டு, தங்களுக்கென்று ஒரு கிளவுடை நடத்த வேண்டும். எவன் தயவும் வேண்டாம். அதனால்தான் ஆல்ப வெளியீட்டுக்கு மற்ற அச்சக முதலாளிகளையும் கூப்பிடச் சொன்னாள். இன்று நின்றுபோனால் இவர்கள் எல்லோருடைய கண் முன்னாலும் நிற்கும். அதை நினைத்தால் அவளுக்குப் பயமாக இருந்தது. கூடவே துள்ளிக் குதிக்க வேண்டும் போலவும் இருந்தது.

நல்ல நேரம் மதியத்துக்கு மேல்தான் அமைந்தது. அச்சக மாடி ஹாலில் பூசை முடிந்து, தேங்காய் உடைத்து, அய்யாதுரை மவுஸை அமுக்கினார். பெரிய திரையில் ஆல்பம் விரிந்தது. பக்கத்திலேயே ஆர்டர்கள் ஒவ்வொன்றாக ஏறின. தூத்துக்குடி நகைக்கடை, தேனி ஜவுளிக்கடை, ஓசூர் மெடிக்கல். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக வருவது போய்க் கும்பலாக வர ஆரம்பித்தது. யோகேஸ்வரியின் லேப்டாப்பில் மூன்று ஊருக்கும் மூன்று பச்சைப் புள்ளிகள். கூட்டம் கூடக் கூட ஓப்பன்ஸ்டாக் தானாகவே புதிது புதிதாக மிஷின்களை வெட்டி வேலையில் இறக்கியது. அவளுக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

"அண்ணாச்சி, சொந்த மிஷினா இது? சும்மா பறக்குதே!" என்றார் பொன்னுத்தங்கம். கணவருக்குப் பிறகு தனியாளாக அச்சகம் நடத்தும் அம்மாள். எதையும் லேசில் மெச்சிவிட மாட்டார்.

அந்த நேரம் பார்த்து ஏழாயிரம்பண்ணைப் புள்ளி சிவப்பானது.

யோகேஸ்வரி போனை எடுத்தாள். மறுமுனையில் போர்மேன் ராக்கப்பன்.

"இங்கன மேக்கால நல்லா இருட்டிக்கிட்டு இடி இடிக்குது பாப்பா. ஆளுகளை வெளிய அனுப்பிட்டு, மெயினை இறக்கிட்டேன்."

"மெயினை இறக்கினா பரவால்லண்ணே. மிஷினுக்கு பேட்டரி வச்சிருக்கேனே?"

"ஆபீஸ்ல ஒரு பச்சை லைட்டு மினுங்கிக்கிட்டு இருந்துச்சு. இடி நேரத்துல கரண்டு இருக்கலாமா? அதையும் அமத்திட்டேன்."

யோகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். பட்டாசுக் குடும்பத்தில் பிறந்தவள். இடி இடித்தால் மெயினை இறக்கு என்று கேட்டே வளர்ந்தவள். இருந்தும், பேட்டரி இருக்கும் தைரியத்தில், அதையும் ஒருவர் அணைப்பார் என்பது அவள் புத்தியில் உறைக்கவே இல்லை. சென்னையில் யாரும் அணைக்க மாட்டார்கள். இங்கே அணைக்காமல் இருந்தால்தான் தப்பு.

ஆனால் திரை நிற்கவில்லை. ஏழாயிரம்பண்ணையில் ஓடிக்கொண்டிருந்த வேலைகள் சிவகாசியிலும் விருதுநகரிலும் மளமளவென்று எழுந்தன. ஆர்டர் ஒன்றுகூடத் தவறவில்லை. ஹாலில் யாருக்கும் எதுவும் தெரியாது. உள்ளுக்குள் அவள் ஒரு குதி குதித்தாள். குதித்து முடிப்பதற்குள் ஜன்னல் கதவு படாரென்று அடித்தது. தென்மேற்கில் வானம் கறுத்து, சிவகாசியைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

அய்யாதுரை எழுந்து ஹால் மூலையில் இருந்த மெயின் போர்டுப் பக்கம் போய் நின்றார். அச்சகத்தில் மருந்து ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. ஆனாலும் இடி கேட்டால் இங்கேயும் மெயினை இறக்குவார். ஊரே கேலி செய்தும் விட்டதில்லை. யோகேஸ்வரி ஓடிப்போய் அவர் காதருகே சொன்னாள்.

"பெரியப்பா, ஏழாயிரம்பண்ணை படுத்திருச்சு. இதையும் இறக்கினா விருதுநகர் மட்டும்தான் மிஞ்சும். எல்லாம் நின்னுபோகும். இன்னைக்கு ஒரு நாள் விட்டுருங்களேன்."

"இங்கன நான் ஒரு நாள் விட்டா, அங்கன ராக்கப்பன் ஒரு நாள் விடுவான். அப்புறம் ஆளு மிஞ்சுமா?" கோபம் இல்லாமல்தான் சொன்னார். "முத இடி கேக்குற வரைக்கும்தான் தாயி உனக்கு நேரம்."

அவர் சொன்னது சரி.

மறுபடி ராக்கப்பனைப் பிடித்தாள். "அங்கன எப்படிண்ணே இருக்கு?"

"மழை விட்டுருச்சு பாப்பா. தூரத்துல ஒண்ணு ரெண்டு உருமுது. முதலாளி ஏத்தச் சொல்றாகளா?"

ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏற்றிவிடுவார். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. திரையில் ஆர்டர் கொட்டிக்கொண்டிருந்தது, முதலாளிகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், தருணின் சிரிப்பு காதில் கேட்டது. அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"இல்லண்ணே. எப்பவும் எம்புட்டு நேரம் பொறுப்பீகளோ அம்புட்டு நேரம் பொறுங்க. சத்தம் சுத்தமா அடங்கினப்புறம் ஏத்துங்க. பச்சை லைட்டையும் போட்டுருங்க."

சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். லேப்டாப்பைத் தன் போன் வழி இன்டர்நெட்டுக்கு மாற்றிக்கொண்டாள். காற்று ஆல்பத் தாள்களைப் பறக்கடித்தது; பணியாளர்கள் பிடிக்க ஓடினார்கள். சிவப்புப் புள்ளி சிவப்பாகவே இருந்தது. எழுந்திரு, எழுந்திரு என்று பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிறவள் போல அதனிடம் முணுமுணுத்தாள்.

போன் அடித்தது. "வெளுத்துருச்சு பாப்பா. ஏத்திட்டேன்."

சர்வர் எழுவதற்கு ஆகிற நேரம் இருக்கிறதே, கல்யாணத்துக்குப் புறப்படும் பெண்கள் பரவாயில்லை. சிவப்பு மஞ்சளானது. ஏழாயிரம்பண்ணை மிஷின்கள் ஒவ்வொன்றாக வந்து, படுத்திருந்த நேரத்தில் நடந்ததையெல்லாம் மற்ற இரண்டிடமும் கேட்டு வாங்கிக்கொள்ள ஆரம்பித்தன. முக்கால்வாசி வாங்கியாயிற்று. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சமே கொஞ்சம்.

அச்சகத்துக்கு மேலே இடி இறங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அய்யாதுரையின் கை மெயின் கைப்பிடியில் இருந்தது. கண் தம்பி மகள் மேல் இருந்தது.

மஞ்சள் பச்சையானது.

"இறக்குங்க பெரியப்பா!" என்று அவளே கத்தினாள்.

அவர் இறக்கினார். பேட்டரியையும் சேர்த்து அணைத்தார். விளக்கு, மின்விசிறி, திரை எல்லாம் போய் ஹால் கம்மென்று ஆனது. "போச்சா?" என்று யாரோ கேட்டார்கள். யோகேஸ்வரியின் லேப்டாப்பில் ஆல்பப் பக்கம் வெறும் வட்டமாகச் சுற்றியது. சுற்றியது.

இருட்டுக்குள் பொன்னுத்தங்கத்தின் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. அவர் தன் போனில் ஆல்பத்தைத் திறந்திருந்தார்.

"மகாலட்சுமி வந்துட்டா," என்றார். விரலால் தள்ளினார். "முருகனும் வந்துட்டான். ஏத்தா யோகேஸ்வரி, கரண்டே இல்லாம எங்கன இருந்துத்தா வருது?"

"ஏழாயிரம்பண்ணையிலயும் விருதுநகர்லயும் இருந்து வருது அத்தை!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. லேப்டாப்பில் ஆர்டர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. மற்ற முதலாளிகளும் போனை எடுத்தார்கள். இருட்டு ஹால் முழுக்கச் சின்னச் சின்ன முருகன்களும் குழந்தைகளும் பனிமலைகளுமாகத் தெரிந்தன.

"எங்க பிரஸ் கீழ்க்கட்டுல ஒரு அறை சும்மாத்தான் கிடக்கு," என்றார் பொன்னுத்தங்கம். "மூணோட நாலாவதா ஒரு இடம் சேத்தா கெட்டுப்போகாதுல்ல? அங்கன கொண்டாந்து போடு." அவர் சொன்னதும் இன்னும் இரண்டு பேர், எங்க இடத்திலும், எங்க இடத்திலும் என்றார்கள்.

இடி சிவகாசியைத் தாண்டி ஆனைக்குட்டம் வழியாக விருதுநகரைப் பார்த்து உருண்டு போனது. எப்போதும்போலச் சத்தம் அடங்குகிற வரைக்கும் பொறுத்திருந்து அய்யாதுரை மெயினை ஏற்றினார். திரை எழுந்தது. எண்ணிக்கை ஏறியிருந்ததைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஜன்னல் வழியாக, கறுப்பு போகிற திசையைப் பார்த்தார். பிறகு மடமடவென்று போனை எடுத்தார்.

"ஏலே தருணு, அங்கன இடி கேக்குதா?"

"லேசா கேக்குதுப்பா. என்ன, யோகுவோட மிஷின் படுத்துருச்சா?"

"நீ மெயின் போர்டுகிட்ட போயி நில்லுலே."

"இங்கன மிளகா வத்தல்தானப்பா இருக்கு. எதுக்கு மெயினை இறக்கணும்?"

"நில்லுன்னா நில்லுலே!"

யோகேஸ்வரி பதறி எழுந்தாள். சிவகாசி மிஷின்கள் இப்போதுதான் கண்விழித்துக்கொண்டிருந்தன; அந்தப் புள்ளி இன்னும் மஞ்சள்தான். ஆனால் பெரியப்பா போனில் இன்னும் இறக்கச் சொல்லவில்லை. புதுத் தீபாவளித் துப்பாக்கியும் சுருள் கேப்பும் கிடைத்த பையன் மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக அவள் பக்கம் திரும்பினார். அவருடைய ஆயுசில் மெயினை இறக்க ஒருத்தரிடமும் உத்தரவு கேட்டதில்லை.

"இறக்கச் சொல்லட்டுமா தாயி?"

"பொறுங்க பெரியப்பா."

அவர் பொறுத்தார். முதலாளிகள் எல்லோரும் நாற்காலியை விட்டு எழுந்து அவளுடைய லேப்டாப்பைச் சூழ்ந்துகொண்டார்கள். பொன்னுத்தங்கம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். விருதுநகரில் இடி இடிப்பது போனுக்குள்ளேயே கேட்டது. அய்யாதுரை அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

புள்ளி பச்சையானது.

"இப்ப சொல்லுங்க," என்றாள் யோகேஸ்வரி.