மூளைக்கு உரு இல்லை

கும்மிடிப்பூண்டி சிப்காட் முனையில் நிற்கும் ராமபத்ரனின் தலை, அவர் கழுத்தின்மேல் இருக்கும் தலையைவிடப் பல மடங்கு பெரியது. ஃப்ளெக்ஸ் பேனர் வந்த பிறகு இந்த வட்டாரத்தில் யாருடைய தலையும் சொந்த அளவில் இருப்பதில்லை. தலைக்குக் கீழே 'சமூகச் சிற்பி' என்று போட்டிருக்கும். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது யார் என்று கேட்டால், பேனர் அடித்த கடைக்காரரைத்தான் காட்ட வேண்டும்.

அவருடைய முன்னோர் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் தலைமுறையாகக் கைங்கரியம் செய்தவர்கள். ராமபத்ரன் மட்டும் செம்புக் கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை போடும் தொழிலுக்கு வந்து, சிப்காட்டில் ஒரு கேபிள் கம்பெனி நடத்தினார். இரண்டாயிரத்தேழில், இளைஞர்களைப் போதையிலிருந்து மீட்க 'இளைய மூளை காப்போம்' என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். அவர் தலைவர். கம்பெனிக் கணக்குப்பிள்ளை குப்புராஜ் செயலாளர். மனைவி கோமளவல்லி பொருளாளர். இந்தச் செய்தி அந்த அம்மாளுக்குப் பேனரைப் பார்த்துத்தான் தெரியவந்தது.

கல்யாண மண்டபத்தில் தொடக்க விழா. மேடையில் விளக்குப் பெட்டி வைத்து இரண்டு ஸ்கேன் படம் காட்டுவதாகத் திட்டம். ஒன்று, குடித்துப் புகைத்துக் கெட்டுப்போன மூளை. அதை இன்டர்நெட்டிலிருந்து எடுத்தாயிற்று. மற்றது சுத்தமான மூளை. பேனரில், 'அப்பழுக்கற்ற இளைய மூளை, நேரடிக் காட்சி! யாருடைய மூளை? மேடையில் அறிவிக்கப்படும்!' என்று அச்சாகிவிட்டது.

"சுத்தமான மூளைக்கு எங்க சார் போறது?" என்று கேட்டார் குப்புராஜ்.

"எதுக்குய்யா வெளில தேடணும்? நம்மாத்துலயே இருக்கே!" என்று ராமபத்ரன் இட்லி தின்றுகொண்டிருந்த மகனைக் காட்டினார்.

ஸ்ரீராமனுக்குப் புரை ஏறியது.

பிளஸ் ஒன் படிக்கும் ஸ்ரீராமன் ஒரு காலத்தில் சிப்காட்டின் அதிசயம். கேட்டைத் தாண்டிப் போகும் லாரிகளின் நம்பரை ஒருமுறை பார்த்தால் போதும், வரிசையாக ஒப்பிப்பான். ஆந்திரா லாரி, ஒரிசா லாரி, எதுவும் தப்பாது. வருகிற விருந்தாளிக்கெல்லாம் அப்பா அவனை ஓட்டிக் காட்டுவார், புது மிஷினை ஓட்டிக் காட்டுவதுபோல. ஆனால் ஒன்றரை வருஷமாக, மூடிக்கிடக்கும் ரோலிங் மில்லுக்குப் பின்னால், வகுப்புத் தோழன் வரதனோடு அவன் உட்கார்ந்து வந்தான். முதலில் பீர், பிறகு கஞ்சாப் பொட்டலம். இப்போது மூன்றாவது லாரி வருவதற்குள் முதல் லாரி மறந்துபோகிறது. வாக்கியத்தின் நடுவில் நிற்கிறான். எதற்கு அந்த அறைக்குள் வந்தோம் என்று சுவரைப் பார்க்கிறான். உள்ளே எதுவோ கழன்றுவிட்டது என்பது அவனுக்குத் தெரியும். அது எது என்று தெரியாது. அதைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டப் போகிறார் அப்பா.

"புகை தெரியும்டா ராமா," என்றான் வரதன். "பீடி குடிக்கிறவன் நெஞ்சு எக்ஸ்ரேல கறுப்பா தெர்ல? அதே மாறிதான். மண்டைக்குள்ள மழை மோடம் மாறி கட்டிக்கினு இருக்கும்."

"இப்ப இன்னாடா பண்றது?"

"சீயக்கா போட்டு நல்லா தேய். மோரு குடி. பத்து நாளு நம்ம பக்கம் வராத."

சீயக்காய் தேய்த்தான். மோர் குடித்தான். நம்பிக்கை வரவில்லை. நல்லவேளையாக நடுவில் அமாவாசை வந்தது.

அமாவாசையில் திருவள்ளூர்க் கோயில் குளத்தில் வெல்லம் போடுவார்கள். வெல்லம் கரைவதுபோல் நோய் கரையும். நோவு கண்ட உறுப்பைத் தகட்டில் உருவாக வாங்கி உண்டியலிலும் போடுவார்கள். கண் நோவுக்குக் கண், கால் நோவுக்குக் கால். அம்மா குளக்கரையில் இருக்கும்போது ஸ்ரீராமன் நழுவி, உரு விற்கும் குணசுந்தரியின் கடைக்கு வந்தான்.

"இன்னா நைனா வோணும்? கண்ணா, காதா?"

"மூளை இருக்கா?"

குணசுந்தரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கண்ணு கீது, காது கீது, பல்லு கீது, வவுறு கீது. மூளைன்னு கேட்டு இத்தினி வருசத்துல ஒருத்தரும் வர்ல. அது எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்குதுன்னு நெனச்சிக்கினு போறாங்க." தட்டைக் கிளறினாள். "தலை கீது. உள்ள இருக்கறதும் சேத்துத்தான். எடுத்துக்கினு போ."

தலையை வாங்கினான். கட்டைவிரல் அளவுத் தகட்டில் கண், மூக்கு, வாய். உண்டியலுக்குப் போனால், அங்கே அப்பா மாலை போட்டுக்கொண்டு, உண்டியலில் கை வைத்தபடி போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். போட்டோகிராபர் இன்னொன்று, இன்னொன்று என்றார். ஸ்ரீராமன் தலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஸ்கேனுக்கும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். பெருமாள் கூடவே இருக்கட்டும் என்று எண்ணம்.

செங்குன்றத்தில் புதிதாகத் திறந்த ஸ்கேன் சென்டர். டாக்டர் ஹுமைரா பழவேற்காட்டுக்காரர்.

"பையனுக்கு வியாதி ஒண்ணும் இல்லங்கிறீங்க. அப்ப எதுக்கு சார் ஸ்கேன்?" என்றார்.

"சமுதாயத்துக்காக," என்றார் ராமபத்ரன். "படத்தோட ஒரு சர்டிபிகேட்டும் வேணும். எங்க வயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கற மாதிரி, 'இது நல்ல மூளை'ன்னு."

"அப்படியெல்லாம் யாரும் குடுக்கமாட்டாங்க சார்."

"நீங்க குடுத்தா முதல் ஆள் நீங்கதான்!"

இந்த வாதம் நடக்கும்போது, டெக்னீஷியன் மோசஸ் ஸ்ரீராமன் முன்னால் ஒரு எவர்சில்வர் தட்டை நீட்டினார். "தம்பி, செயின், பெல்ட்டு, சில்லறை, இரும்பா தகரமா எது இருந்தாலும் கழட்டிப் போட்டுடு. உள்ள கீறது அத்தனையும் காந்தம். பாக்கெட்ல இன்னா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னு சொல்ற பாக்கெட்லதான் எப்பவும் எதுனா இருக்கும்," என்று மோசஸ் விரலை விட்டு எடுத்தார். தட்டில் கிணுங்கென்று விழுந்தது தலை.

மற்றவர்களுக்கு அது ஒரு தகரத் துண்டு. ராமபத்ரனுக்கு அப்படி இல்லை. உண்டியல் திறக்கும் நாளில் அந்த உருக்களை அள்ளிப் பிரித்த குடும்பம் அவருடையது. எந்த உருவை யார் போடுவார்கள், எதற்குப் போடுவார்கள் என்று நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவருக்குத் தெரியும். தட்டின் பக்கம் குனிந்தார்.

"தலைவலியாடா?"

"இல்ல."

"பின்ன இது எதுக்கு?"

ஸ்ரீராமன் தட்டையே பார்த்தான். "மூளை உரு கிடைக்கலப்பா."

கோமளவல்லி மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எல்லாம் வெளியே வந்தது. மில், பீர், பொட்டலம், மறந்துபோகும் லாரிகள். ராமபத்ரன் முதல் காரியமாகக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தார். சமூகச் சிற்பிகள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

"எந்த ராஸ்கல் பழக்கினான்? சொல்லு. அவன..."

"முதல் பாட்டில் உங்க ஆபீஸ் பீரோலேர்ந்து எடுத்தேம்பா. ஆர்டர் குடுக்க வரவாளுக்குன்னு வாங்கி வெப்பேளே."

ராமபத்ரன் தட்டில் கிடந்த தலையைக் கவிழ்த்து வைத்தார்.

"படம் எடுங்கோ டாக்டர்," என்றாள் கோமளவல்லி. "இவர் மேடைக்கு வேண்டாம். என் குழந்தைக்கு எடுங்கோ."

"ஞாபகம் தப்புதுன்னா எடுக்கக் காரணம் இருக்கும்மா," என்றார் டாக்டர்.

மிஷின் ரோலிங் மில் மாதிரித் தடதடத்தது. கண்ணாடிக்கு இந்தப்புறம் திரையில் ஒவ்வொரு படலமாக எழுந்து வந்தது. ராமபத்ரன் புகையைத் தேடினார். புகை இல்லை. மேலிருந்து பார்த்த பழவேற்காட்டு ஏரிபோல வளைந்து வளைந்து ஓடும் கால்வாய்களும், அவற்றுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கிளைத்த பாதைகளும் தெரிந்தன. இட்லி தின்னும், குளிக்க அடம்பிடிக்கும், செருப்பை வாசலில் குறுக்கே விடும் ஒரு பையனுக்குள் இவ்வளவும் சத்தமில்லாமல் இருந்ததா?

படம் முடிந்து ஸ்ரீராமன் வெளியே வந்ததும், டாக்டர் அவனைத்தான் திரைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"இதுதான் நீ."

அவன் வாயைப் பிளந்தான். "புகை எங்க?"

"புகையெல்லாம் படத்துல தெரியாதுப்பா. இங்க பாரு, இந்த வளைஞ்ச இடம். கடல்குதிரை மாதிரி இல்ல? எங்க ஊர்ல வலையில மாட்டும். புதுசா பாக்கிறது, படிக்கிறது எல்லாம் இது வழியாத்தான் உள்ள போய்த் தங்கும். சாராயமும் கஞ்சாவும் முதல்ல இதைத்தான் தடுமாற வைக்கும்."

"லாரி நம்பர்?"

"அதுவும் இந்த வழிதான்."

தனக்குள் ஒரு கடல்குதிரை இருப்பதை நினைத்து ஸ்ரீராமன் நெற்றியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

ராமபத்ரன் மெல்லக் கேட்டார். "இந்த வெள்ளையெல்லாம் என்ன?"

"உங்க தொழில்தான் சார். நரம்புக் கம்பிக்கு மேல கொழுப்பால உறை. உறை விழுந்தா சேதி பல மடங்கு வேகமாப் போகும்."

"எந்த மிஷின் போடறது?"

"மிஷின் கிடையாது. அதுவே போட்டுக்கும். பின்பக்கத்துலேர்ந்து முன்னால வரும். இந்த நெத்திக்குப் பின்னால இருக்கு பாருங்க, யோசிச்சு முடிவு பண்றது, வேணாம்னு நிறுத்தறது, எல்லாம் இந்த இடம். இதுக்குத்தான் கடைசியா வேலை நடக்கும். முடிய இருபத்தஞ்சு வயசு ஆகும். உபயோகப்படாத இணைப்புங்கள வெட்டிக்கிட்டே வேற வரும்."

"அது வரைக்கும் கரண்ட்டு?"

"ஓடிக்கிட்டே இருக்கும்."

ராமபத்ரன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தன் கம்பெனியில் ஒரு முழக் கம்பிக்கு உறை போட என்ன பாடு என்று அவருக்குத் தெரியும். சூடு கூடினால் கருகும், குறைந்தால் பிசிறும், கரண்ட்டு ஒரு நொடி போனால் அன்றைய வேலை குப்பை. இங்கே கரண்ட்டு ஓடும் கம்பிக்கு, ஒரு நிமிஷம்கூட நிறுத்தாமல், தூங்கும்போதும் பரீட்சை எழுதும்போதும், யாரோ உறை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சூப்பர்வைசர் இல்லை. ஷிப்டு இல்லை. முதலாளி இல்லை. குறிப்பாக, முதலாளி இல்லை.

"கஞ்சால என்ன ஆகும்?" என்றாள் கோமளவல்லி.

"அதே ஜாதிப் பொருள் ஒண்ண மூளையே துளித்துளியா செஞ்சுக்கும்மா, எங்க வெட்டணும், எங்க சேக்கணும்னு சைகை காட்ட. வெளியிலேர்ந்து புகை வந்தா எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்துல சைகை. எதைக் கேக்கும், பாவம்?"

"எங்க லைன்ல," என்றார் ராமபத்ரன், யாரிடம் என்றில்லாமல், "உறை விழுந்து, தண்ணித் தொட்டிக்குள்ள போய் ஆர்ற வரைக்கும் யாரும் தொடப்படாது. சூடா இருக்கறச்சே விரல் பட்டா ரேகை அப்படியே பதிஞ்சுடும்."

"அதேதான் சார்."

பிறகு, தரம் பார்க்க வரும் அதிகாரியிடம் கெஞ்சும் குரலில் கேட்டார். "ரிஜெக்டா டாக்டர்?"

"இந்த ஒரு படத்த வச்சு எவ்வளவு கெட்டுச்சுன்னு சொல்ல முடியாது. நூறு பசங்கள வரிசையா பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும். ஆனா ரிஜெக்ட் இல்ல. லைன் இன்னும் ஓடிக்கினுதான் இருக்குது." டாக்டரையும் அறியாமல் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "கைய எடுங்க. இந்த வயசுல அது தன்னைச் சரி பண்ணிக்கிற வேகமும் ஜாஸ்தி. முழுசா சரியாகும்னு எழுதிக் கொடுக்கமாட்டேன்."

இந்தத் தடவை அவர் சர்டிபிகேட் கேட்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் வரதன் காதைக் கடித்தான். "புகை தெரிஞ்சுதாடா?"

"இல்ல. கடல்குதிரை தெரிஞ்சுது."

"டேய், நிஜமாவே காலியாயிட்டியா?"

"உனக்கும் ஒண்ணு இருக்குடா," என்றான் ஸ்ரீராமன். வரதன் அன்று மில் பக்கம் தனியாகப் போகத் தயங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்தது. சாப்பாடு உண்டு என்று பேனரிலேயே போட்டிருந்தார்கள். முன்வரிசையில் ஸ்ரீராமன் உட்கார்ந்திருந்தான். அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. 'என் பையன்' என்ற வார்த்தை மேடையில் வந்தால், அடுத்த வார்த்தை பொய்யாகத்தான் இருக்க வேண்டும். பொய்யாக இல்லாவிட்டால் ஊரே சிரிக்கும்.

விளக்குப் பெட்டி எரிந்தது. அதில் செங்குன்றத்தில் எடுத்த அதே படம். குப்புராஜ் மைக்கில் முழங்கினார். "அப்பழுக்கற்ற மூளை! இது யாருடைய மூளை என்பதைத் தலைவர் இப்போது அறிவிப்பார்!"

ராமபத்ரன் எழுந்தார். பையிலிருந்த உரையை எடுத்தார், பார்த்தார், மறுபடி உள்ளே வைத்தார். படத்தின் பக்கம் திரும்பியவர், திரும்பியபடியே நின்றுவிட்டார்.

"யாரோடதா இருந்தா என்ன?" என்றார் கடைசியில். "பதினாறு வயசு. உங்காத்துக் குழந்தையோடதுன்னு வெச்சுக்கோங்கோ."

சுட்டுவிரலை நெற்றிப் பக்கம் கொண்டுபோனார். விரல் படத்துக்கு ஒரு அங்குலம் முன்னால் நின்றது.

"இது இன்னும் முடியல. சூடா இருக்கு. யாரும் தொடாதீங்கோ. புகையால, பாட்டிலால..." விரலை மடக்கிக்கொண்டார். "வாங்கி பீரோல வெக்கறதும் தொடறதுதான்."

உட்கார்ந்துவிட்டார். கைதட்டலாமா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. பின்வரிசையில் ஒருவர், "இன்னாபா, தலைவரு அதுக்குள்ள முடிச்சிட்டாரு? உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றார். "பேஜாரு வுட்டுச்சு, சாப்பாடு போடுவாங்களா பாரு," என்றார் பக்கத்தில் இருந்தவர். ஸ்ரீராமன் மட்டும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்த்ததிலேயே அவர் மிகச் சின்னதாக இருந்தது அன்றுதான். அவருக்கு அது பொருத்தமாகவும் இருந்தது.

அடுத்த அமாவாசைக்குத் திருவள்ளூர் போகும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எதிரே லாரி வரிசை. ஸ்ரீராமன் ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடி, நம்பர்களை முணுமுணுத்தான். ஒன்று, இரண்டு, மூன்று வந்தது. நாலாவதில் தப்பினான். அப்பாவுக்கு அது தெரிந்தது. திருத்த வாய் எடுத்தவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குணசுந்தரிக்கு ஸ்ரீராமனை நினைவிருந்தது. "மூளை கேட்டவரு தானே? இன்னும் வர்ல நைனா."

"இருக்கு, என்கிட்ட," என்று அவன் சட்டைப் பையிலிருந்த தலையைக் காட்டினான்.

ராமபத்ரன் தயங்கி, குனிந்தார். "எனக்கும் ஒரு தலை குடும்மா. சின்னதா இருந்தாப் போறும்."

குணசுந்தரி தட்டைக் குலுக்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"எல்லாத் தலையும் ஒரே சைசுதான் சார்."