கை தூக்கித் தள்ளிய குறை

மேசையில் ஒன்பது கோப்பைப் பிளேன்டீ, பால் கலக்காத தேநீர், ஆறிக்கொண்டிருந்தன. குடிக்க வாய் வேண்டுமே! ஒன்பது வாய்களும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தன.

மாத்தளை முயல் வேன் சங்கத்தின் மாதக் கூட்டம் அது. ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்திறங்கிய அந்தச் சின்ன வேனுக்கு முன்பக்கம் முயல் மூஞ்சி மாதிரி இருக்கும். அதனால் அந்தப் பெயர். சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது வண்டியைப் பற்றி முறைப்பாடு சொன்னால், மற்றவர்கள் கை தூக்கித் தீர்ப்புச் சொல்வார்கள். அது வண்டியைச் செய்தவன் விட்ட குறையா, சொல்பவரின் சொந்த எரிச்சலா? எரிச்சல் என்று முடிவானால் அதோடு சரி. பிறகு வாட்ஸ்அப் குழுவில் எழுதினாலும் தலைவர் அழித்துவிடுவார்.

தலைவர் மகேஸ்வரன். டவுனில் பெயின்ட் கடை வைத்திருப்பவன். தன் வேனை யாராவது குறை சொன்னால் தன் பிள்ளையைச் சொன்னது போல முகம் சிவந்துவிடும்.

"கப் வைக்கிற இடம் கியருக்குப் பின்னால இருக்கு மச்சான். தேத்தண்ணிய எடுக்கப் போனா முழங்கை முறியுது" என்றான் றிஸ்வான்.

"ஒன்னோட வயிறு குறுக்க நிக்குது. அதுக்கு ஜப்பான்காரன் என்னடா செய்வான்?" என்றான் மகேஸ்வரன்.

சிரிப்பு. கைகள் உயர்ந்தன. எரிச்சல்!

"அடுத்தது நான்" என்று எழுந்தாள் ஹம்சிகா. பாலர் பாடசாலை ஆசிரியை. கூட்டத்தில் ஒரே பெண். "பக்கத்துல இழுத்து அடைக்கிற கதவு..."

"டீச்சர், அது போன மாசமே முடிஞ்ச கதை" என்று மகேஸ்வரன் இடைமறித்தான். "கதவை மெதுவா சாத்துறீங்க, அதான் பிரச்சின. எல்லாரும் கை தூக்கியாச்சு."

"நீங்க கை தூக்கினதும் கதவு பயந்துபோய் பூட்டிக்கிச்சா அண்ணே?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு கறுத்த இரும்புத் துண்டை எடுத்து மேசையில் வைத்தாள். கதவைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி.

"என் வண்டியில இருந்து கழட்டினது. உள்ளுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் பல்லு இருக்கு, பாருங்க. நாலு வருஷம் ஓடினா அது தேஞ்சிடும். பள்ளத்துல விழுந்தா முழுசா பூட்டின கதவு அரைப் பூட்டுக்கு வந்துடும். வெளியில பாத்தா அடைச்ச மாதிரியே இருக்கும். அதைச் சொல்லத்தான் டேஷ்போர்ட்ல பீப் பீப்னு கத்திச்சு. நாம என்ன செஞ்சோம்? சத்தம் தொல்லையா இருக்குன்னு எல்லாரும் போய் வயரை வெட்டிட்டு வந்தோம்!"

மகேஸ்வரன் கொக்கியை அலட்சியமாகத்தான் எடுத்தான். நகத்தால் சுரண்டினான். பிளாஸ்டிக் பல் உப்புக்கல் போல உதிர்ந்து மேசையில் விழுந்தது.

அவன் கொக்கியைப் போட்டுவிட்டு எழுந்தான்.

கால் மணி நேரத்துக்கு முன்புதான் பக்கத்துக் கடைக்கார அண்ணன் ஸக்கரியா நானாவிடம் தன் வேன் சாவியைக் கொடுத்திருந்தான். கலேவெலயில் கலியாணம். நானா, அவர் மனைவி ஹமீமா, ஆறு வயது மகள் ஜெஸ்லா. சாவி கொடுக்கும்போது அவன் சொன்ன வார்த்தை இப்போது காதில் அறைந்தது. 'கதவு கடகடன்னு ஆடினா கண்டுக்காதீங்க நானா. வண்டி தங்கம்!'

போனை எடுத்து அழுத்தினான். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

"டீச்சர், என் வண்டி இப்ப தம்புள்ளை ரோட்டுல போய்க்கிட்டு இருக்கு. உள்ளுக்கு ஒரு புள்ள..."

வாக்கியம் முடிவதற்குள் ஹம்சிகா சாவியோடு வாசலில் நின்றாள். "ஏறுங்க. என் வண்டியில கொக்கி மாத்தியாச்சு."

பலாபத்வல ஊர் ஜன்னலில் பறந்து பின்னால் போனது. வளைவுக்கு வளைவு லொறிகள். மரக்கறி ஏற்றிக்கொண்டு எதிரே வருபவை, ஏற்றப் போகும் வெறும் லொறிகள். மகேஸ்வரன் சீட் நுனியில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தான். போன் காதை விட்டு இறங்கவில்லை.

"கலியாண ரோட்டுல பாட்டுப் போட்டுக்கிட்டுப் போவாரு. எங்க கேக்கும்!" என்று பல்லைக் கடித்தான்.

நாலந்த தாண்டியதும் தெரிந்தது. வெள்ளை முயல் வேன். அவனுடையதுதான். அது வளைவில் திரும்பியபோது இடப்பக்கக் கதவின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு, கதவு விலகிய இடைவெளி. கண்ணாடியில் ஜெஸ்லாவின் தலை சாய்ந்திருந்தது. தூங்குகிறாள். கதவில் சாய்ந்து!

மகேஸ்வரன் கை நீட்டி ஹோர்னை அழுத்தினான். இரண்டு முறை.

முன்னால் போன வேனும் உற்சாகமாக இரண்டு முறை அடித்தது. ஸக்கரியா கையை வெளியே நீட்டி ஆட்டினார். முயல் வேன்காரர்கள் ரோட்டில் சந்தித்தால் இரண்டு ஹோர்ன். அதுதான் அவர்கள் சலாம். பின்னால் வருபவருக்கு வழக்கப்படி பதில் கொடுத்துவிட்டு, 'வா பாப்போம்' என்பது போல அவர் வேகத்தைக் கூட்டினார்.

கறுப்புக் கோடு இரண்டு விரல் ஆனது.

"அடிக்காதீங்க அண்ணே!" ஹம்சிகா அலறினாள். "அவர் வேகம் கூட்டக் கூட்டக் கதவு பின்னால போகும்!"

மகேஸ்வரன் சுட்டது போலக் கையை இழுத்துக்கொண்டான். அவள் நாவுலவுக்கு முன்னால் ரோடு நேராகும் இடம் வரும்வரை பொறுத்தாள். எதிரே பஸ் ஒன்று கடந்து போனது. உடனே வலப்பக்கம் வெட்டி, ஸக்கரியாவுக்குச் சமமாக வந்து, முந்தி, முன்னால் போய் மெதுவாக வேகத்தைக் குறைத்தாள். மகேஸ்வரன் இடுப்பளவு வெளியே தொங்கி இரண்டு கையாலும் 'நிப்பாட்டு' என்று காட்டினான்.

இரண்டு வேன்களும் ஓரத்தில் நின்றன. இறங்கி ஓடிய மகேஸ்வரன் தொட்டதும் கதவு வெண்ணெய் போல வழுக்கித் திறந்தது. உள்ளே ஜெஸ்லா கண்ணைக் கசக்கினாள். அவள் சட்டையின் முதுகுப்பக்கம் ஹமீமாவின் கைப்பிடிக்குள் இறுகிக் கிடந்தது. விரல்கள் வெளுத்திருந்தன.

"என்ன மகேஸ், என்ன நடந்த?" என்று இறங்கி வந்த ஸக்கரியா, திறந்த கதவைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார்.

"பலாபத்வலயில இருந்து சொல்லிட்டு வாறேன்" என்றாள் ஹமீமா. சட்டையை இன்னும் விடவில்லை. "காத்து அடிக்குது, கதவு ஆடுதுன்னு. வண்டி தங்கமாம், எனக்குத்தான் எல்லாத்துலயும் ஒரு குறையாம். பாட்டு சத்தத்தக் கூட்டினாரு. புள்ளய இங்கால இழுத்தா, ஜன்னல் வேணும்னு அழுறா. சட்டையப் புடிச்சிட்டே வந்தேன்."

"மகேஸ்தானே கண்டுக்க வேணாம்னு..." ஸக்கரியா முனகினார்.

"அவர் சொன்னா கேப்பீங்க. உள்ளுக்கு இருக்கிற நான் சொன்னா கேக்க மாட்டீங்க. யார் சொல்றாங்கன்னு பாக்காதீங்க, என்ன சொல்றாங்கன்னு பாருங்க. இந்தப் புள்ள விழுந்திருந்தா ரெண்டு பேரும் என்ன செஞ்சிருப்பீங்க?"

ஹம்சிகா குழந்தையைத் தூக்கித் தன் வேனில் உட்கார வைத்தாள். "வாங்க, மூணு பேரையும் கலேவெலவுக்கு நான் கொண்டுபோய் விடுறேன்."

அந்த வேன் கண்ணுக்கு மறையும்வரை மகேஸ்வரன் ரோட்டோரம் நின்றான். பிறகு போனை வாயருகே பிடித்து, குழுவுக்குக் குரல் செய்தி அனுப்பினான்.

"மகேஸ்வரன் பேசுறேன். முயல் வேன்ல பக்கக் கதவோரம் யாரையும் உக்கார வைக்காதீங்க. இன்னைக்கே கொக்கியக் கழட்டிப் பாருங்க, வெட்டின வயரைத் திரும்பப் பொருத்துங்க. டீச்சர் சொன்னதை எரிச்சல்னு சொல்லி முதல்ல கை தூக்கினது நான்தான். உண்மையில எரிச்சல் பட்டது டீச்சர் இல்ல, நான். என் வண்டியப் பத்தித் தப்பாச் சொல்லிட்டாங்களேன்னு. இனிமே யாராவது ஆபத்துன்னு சொன்னா நாம கை தூக்க வேணாம். எழும்பிப் போய்ப் பாப்போம்."