ஷிராதோவின் வலது முழங்கால்

1

இது ஒரு கட்டுரையாகத்தான் இருந்திருக்க வேண்டும். எங்கள் பல்கலைக்கழக சுமோ குழுவின் பழைய மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரு மலர் போடுவார்கள். "நம் பிள்ளைகளில் யார் யார் தொழில்முறைக்குப் போவார்கள்" என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். குழுவில் இலக்கியம் படிக்கிறவள் நான் ஒருத்திதான், அதனால் கேட்டார்கள். மல்லர்கள் மோதும் வட்டத்துக்குள் இறங்கி நிற்கவும் எனக்குத் தெரியும் என்பது நான்கு வருடமாக அவர்கள் யாருக்கும் நினைவில்லை.

என் பெயர் ஒசனாய் மிஹோ. ஊர் வடக்கே அஓமோரி, ஆப்பிளுக்குப் பேர்போன இடம். அப்பா மீன்பிடிப் படகில் கூலிக்குப் போகிறார், அம்மா கொட்டகையில் கத்தி வைத்துச் சிப்பி திறக்கிறாள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைப் பற்றிப் பெருமையாக ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். இந்தக் கதையில் நான் பெருமைப்படுகிற எந்த இடமும் எனக்கு எதிராகத்தான் முடிகிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"டிசம்பர் தேசியப் போட்டியில் கடைசி நால்வரில் ஒருவராக வந்த ஷிராதோ தைசேய், நூற்று நாற்பத்தெட்டு கிலோ எடை, இடக்கைப் பிடிக்காரர், வருகிற மார்ச் மாதம்"

நல்ல வாக்கியம். பொய் எதுவும் இல்லை. அடுத்த சொற்கள் "ஒஸாகா தொழில்முறைப் போட்டியில் அறிமுகமாகிறார்" என்று வர வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன்.

இரண்டாம் முயற்சி: "வழியனுப்பு நாளன்று நடந்த துரதிருஷ்டவசமான விபத்தில்"

'துரதிருஷ்டவசமான' என்று எழுதியதும் கை நின்றது. அதிருஷ்டத்துக்கு இதில் என்ன வேலை.

மூன்றாம் முயற்சி: "நான் அவன் காலைப் பிடித்தேன்."

இதுதான் தொடக்கம். ஆனால் இதைப் புரிந்துகொள்ள உங்களுக்கு இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும்.

3

ஒன்று. சுமோவில் தொழிலுக்குப் போகிற பையன் அடிமட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரு மல்லர் இல்லத்தில் சேர்ந்து, தன்னைவிட வயது குறைந்தவனுக்கு முதுகு தேய்த்துவிட்டு, அடுப்படியில் நின்று மேலே வர நான்கைந்து வருடம் ஆகும். பாதிப் பேர் வருவதில்லை. தேசியப் போட்டியில் ஷிராதோ மாதிரி கடைசி நால்வருக்குள் வந்தவனுக்கு மட்டும் ஒரு சலுகை: படிக்கட்டின் நடுவிலிருந்து ஏறலாம். அந்தச் சலுகை ஒரு வருடம்தான் செல்லும். அவனுக்கு நவம்பர் போட்டிதான் கடைசி.*

* எனக்கு எத்தனை வருடம் என்று கேட்கிறீர்களா. நான் என் எடைப் பிரிவில் தேசிய அளவில் இரண்டாவதாக வந்தவள். பெண்களுக்குத் தொழில்முறை கிடையாது. தொழில் மல்லர்கள் நிற்கிற வட்டத்தில் நான் துடைப்பத்தோடுகூடக் கால் வைக்க முடியாது. ஏப்ரலில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேருகிறேன். இந்தக் குறிப்பு இவ்வளவுதான். இதைக் கதைக்குள் கொண்டுவந்தால் நான் செய்ததற்கு இது காரணம் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். நானும் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு. எங்கள் குழுவில் தொழிலுக்குப் போகிறவனுக்கு வழியனுப்பு நாள் வைப்போம். ஜனவரிக் கடைசி ஞாயிறு, காலை. குழுவில் இருக்கிற எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக அவனோடு மோதுவார்கள். ஒவ்வொரு மோதலுக்கும் முன்னும் பின்னும் இருவரும் எதிரெதிரே நின்று, ஒரே நேரத்தில், இடுப்பு வரை குனிந்து வணங்க வேண்டும். வணங்கினால்தான் மோதல் முடிந்தது. அதுவரை யாரும் வட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. நாலு வயதில் கச்சை கட்டினவர்கள் நாங்கள். மூச்சு விடச் சொல்லித்தரத் தேவையில்லாத மாதிரி இதையும் யாரும் திரும்பச் சொல்வதில்லை.

எங்கும் எழுதாத இன்னொரு விதி உண்டு. போகிறவன் எல்லா மோதலிலும் ஜெயிப்பான். தோற்றுக்கொடுப்பது என்று இதை யாரும் சொல்வதில்லை, சும்மா தோற்பார்கள்.

4

[ஷிராதோவை நான் சரியாக எழுதவில்லை. மூன்று வரைவிலும் அவன் வில்லனாக வருகிறான். அவன் வில்லன் இல்லை. என் பிறந்தநாளுக்கு ஆறு கிண்ணம் சோறு தின்றுவிட்டு "உனக்காகத்தான்" என்றவன். ஆனால் பயிற்சியில் நான் எதிரே நின்றால் முழுதாகக் குனிய மாட்டான். கழுத்தை மட்டும் ஆட்டுவான், பஸ்ஸில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்த மாதிரி. பையன்கள் எல்லோரும் அப்படித்தான். நான்கு வருடம் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் அசிங்கமாக இருக்கிறது. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.]

அன்றைக்குப் பதினான்கு பேர் தோற்று முடித்தார்கள். ஷிராதோ மண்ணும் வேர்வையுமாக இளித்துக்கொண்டு நின்றான். அடுப்பில் மல்லர்கள் சாப்பிடும் சாங்கோக் குழம்பு கொதிக்கிற வாசனை பயிற்சிக்கூடம் முழுக்க வந்துவிட்டது.

"அவ்ளோதானாடா?" என்றான். "ஒருத்தனாவது வேர்க்க வையுங்கடா. அங்க போய் என் மானம் போயிடும்."

"இன்னும் ஒரு ஆள் பாக்கி," என்றேன்.

சிரித்தார்கள். ஹிரானுமா மாஸ்டர் நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். எங்கள் பயிற்சியாளர், அறுபது வயது, இரண்டு காதும் நசுங்கிப்போனவர்.

"வேணாம்மா மிஹோ. உனக்கு எண்பது கிலோ. ஏதாவது ஒண்ணு ஆகிடுச்சுன்னா உங்கப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?"

"எங்கப்பா படகுல இருக்கார் மாஸ்டர். மார்ச் வரைக்கும் கேக்க மாட்டார்."

"விடுங்க மாஸ்டர்," என்றான் ஷிராதோ. "ஆசைப்படறா. ஏய் ஒசனாய், மெதுவா தூக்கி வெளிய வெச்சுடறேன். பூந்தொட்டி மாதிரி."

"வெச்சுக்கோ. முதல்ல குனி."

கழுத்தை ஆட்டினான். நான் இடுப்பு வரை குனிந்தேன்.

5

நான் அவன் காலைப் பிடித்தேன்.

அவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பூந்தொட்டியைத் தூக்க வருகிற மாதிரியே வந்தான். நான் அவன் மார்புக்கு அடியில் புகுந்து வலது காலை முழங்காலுக்கு மேலே கட்டிக்கொண்டு தள்ளினேன். சின்ன உடம்புக்காரர்களின் பிடி அது, முறையான பிடி. வட்டத்தின் எல்லையில் பதித்த வைக்கோல் கயிறு வரை ஒற்றைக் காலில் தத்திக்கொண்டு போனான். பின்பக்கமாக விழுந்தான். பிடித்த கால் என் கையிலிருந்து நழுவி, குதிகால் கயிற்றில் மாட்டி, உடம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகத் திரும்பியது.

ஒரு சத்தம் கேட்டது. ஈரக் கயிறு அறுந்த மாதிரி [நீக்கவும். ஈரக் கயிறு அறுந்து நான் கேட்டதில்லை]. அம்மாவின் கத்தி உள்ளே நுழைந்ததும் சிப்பி பிடியை விடும். அந்தச் சத்தம்.

யாரும் அசையவில்லை. நான் என் இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றேன். அவன் இன்னும் குனியவில்லையே. பதினான்கு பையன்களும் மாஸ்டரும் சுவரோரம் நின்றார்கள். எல்லோரும் அவன் எழுந்து வணங்குவதற்காகக் காத்திருந்தோம். வெளியே யாராவது இதைப் பார்த்திருந்தால் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள். அவன் கீழே கிடக்கிறான், முகம் சுண்ணாம்பாக இருக்கிறது, பதினாறு பேர் சும்மா நிற்கிறோம்.

அவனுக்கும் எனக்கும் இடையில் நான்கு அடி தூரம்.

[இங்கே ஒரு சொல்லை விட்டிருக்கிறேன். பின்னால் வருகிறது.]

எழுந்தான். கைகளை ஊன்றி, இடது காலில் பாரத்தைப் போட்டு எழுந்து, என் எதிரே தன் இடத்தில் வந்து நின்றான். இரண்டு காலையும் சேர்த்து வைத்தான். இடுப்பு வரை குனிந்தான், நான்கு வருடத்தில் முதல்முறையாக. குனிந்தபோது வலது முழங்கால் வெளிப்பக்கமாக மடிந்தது. அந்தப் பக்கம் முழங்கால் மடியாது. அவனுக்கு மடிந்தது.

அவன் கத்தவில்லை. கத்தியது நான்தான்.

6

மருத்துவர் சொன்னதை அப்படியே தருகிறேன், இதில் என் சொல் எதுவும் இல்லை:

"விழுந்தப்ப ஒரு நார்தான் கிழிஞ்சிருக்கு. எழுந்து நின்னப்ப மத்த ரெண்டும். விழுந்த இடத்திலேயே கிடந்திருந்தா ஆறு மாசம். இப்ப ஒன்பது, இல்ல பத்து. எதுக்குப்பா எழுந்தே?"

ஆறு மாதம் என்றால் ஆகஸ்டு. ஒன்பது என்றால் நவம்பர். பத்து என்றால் ஒன்றுமில்லை, சலுகை போய்விடும். அடிமட்டம், அதுவும் ஒட்டுப்போட்ட காலோடு. இதை எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் எனக்கு நடுவில் அந்த நான்கு அடிதான் வருகிறது.

மூன்றாம் நாள் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு தாள். ஷிராதோவைச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்ட மல்லர் இல்லத்தின் ஆசானுக்கு எழுதியது. தனியாகக் கால் பயிற்சி செய்யும்போது ஈரத் தரையில் வழுக்கி விழுந்தான் என்று இருந்தது. சாட்சி என்ற இடத்தில் என் பெயர்.

"நான் எதுக்கு மாஸ்டர்? பதினாலு பசங்க இருக்காங்களே."

"நீ கையெழுத்துப் போட்டா நீ பேச மாட்டே."

நேராகச் சொல்லிவிட்டார். அந்த மனிதரை என்னால் முழுதாக வெறுக்க முடியாததற்கு அது ஒரு காரணம்.

"வழுக்கி விழுந்தவனுக்கு ஆசான் நவம்பர் வரைக்கும் காத்திருப்பார்," என்றார். "பொண்ணு தூக்கிப் போட்டவனுக்கு ஒரு வாரம் காத்திருக்க மாட்டார். அவன் வாழ்க்கைம்மா. உனக்கென்ன, ஏப்ரல்ல ஆபீஸ் போயிடுவே."

"நான் ஜெயிச்சேன் மாஸ்டர்."

"தெரியும்," என்றார். "அழகான பிடி." பேனாவை என் பக்கம் தள்ளினார்.

தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

7

இந்த இடத்தில் ஒரு நல்ல கதாசிரியர் முடிவுக்குத் தயாராவார். நானும் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: கையெழுத்துப் போடுகிறேன். நவம்பரில் அவன் ஜெயிக்கிறான். நான் அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில் தொலைக்காட்சியில் பார்க்கிறேன். கண்ணில் நீர். [யார் கண்ணில்? என் கண்ணிலா? என்னை உங்களுக்குத் தெரியாது.]

முடிவு ஆ: தாளைக் கிழித்துப் போடுகிறேன். உண்மையை மலரில் எழுதுகிறேன். பெண்கள் கைதட்டுகிறார்கள். ஷிராதோ தன் அப்பாவின் டயர் கடைக்குத் திரும்பிப் போகிறான். [அவன் அப்பாவுக்கு உண்மையிலேயே டயர் கடைதான். இதை எழுதி முடித்ததும் அடித்துவிட்டேன்.]

முடிவு இ: அவன் ஆசானிடம் தானே போய் "நான் ஒரு பொண்ணுகிட்ட தோத்தேன்" என்று சொல்ல, அவர் மெச்சி

இல்லை. அப்படிப்பட்ட ஆசானை நான் பார்த்ததில்லை.

8

மருத்துவமனைக்கு நேற்று மதியம் போனேன். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள். கட்டில் அவனுக்குச் சின்னது, இரண்டு பக்கமும் வழிந்துகொண்டிருந்தான். காலில் கனமான கட்டு. பக்கத்தில் பாதி தின்ற புட்டிங் நான்கு.

"வாடி கொலைகாரி," என்றான். "ஆப்பிள் ஏதாவது கொண்டாந்தியா?"

"இல்ல."

"அஓமோரிக்காரி ஆப்பிள் இல்லாம ஆஸ்பத்திரிக்கு வர்றா. நாடு உருப்படாது."

நான் தாளை எடுத்து வைத்தேன். அவன் அதை ஏற்கெனவே படித்திருந்தான்.

"போட்டுடு ஒசனாய். கெஞ்சிக் கேக்கறேன். எனக்கு வேற எதுவும் தெரியாது. டயர் மாட்டக்கூடத் தெரியாது."

"போட்டா அந்த மோதல் நடக்கவே இல்லைன்னு ஆயிடும்."

"ஆவட்டும்."

"ஆவட்டுமா?"

புட்டிங் கிண்ணங்களை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"நீ ஏன் குனியல?" என்றான்.

புரியவில்லை என்கிற மாதிரி நின்றேன். புரிந்தது.

"நான் குனிஞ்சேன்," என்றான். "நீ குனியல. ரெண்டு பேரும் சேர்ந்துதானே குனியணும். நான் கீழே போறப்ப பாத்தேன், நீ நிமிர்ந்து நின்னுக்கிட்டிருந்தே. பாத்துக்கிட்டே இருந்தே."

"உன் கால்..."

"அதுக்கு முன்னாடி. கிடந்தேன்ல, அப்ப எழுந்திருக்க வேணாம்னுதான் இருந்தேன். வலி அப்படி. நீதான் சொன்னே."

நான் விட்ட சொல் இதுதான். "குனி" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை என்று நினைத்திருந்தேன். சொன்னேனா என்பதே எனக்குப் பாதி சந்தேகமாக இருந்தது, இந்தப் பத்து நாளாக அந்தப் பாதியில்தான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

"கேட்டுச்சா?" என்றேன்.

"எனக்கு மட்டும். அது சரிதான்டி. நாலு வருஷ பாக்கி. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" மூக்கைத் துடைத்துக்கொண்டான். "கையெழுத்தும் போட்டுடு. இப்ப ஒருவாட்டி குனிஞ்சும் முடிச்சுடு. நாளைக்கு மயக்கம் குடுத்துடுவாங்க. பாதியில நிக்கற மோதலோட நான் உள்ள போக மாட்டேன்."

இரண்டும் வேண்டுமாம். கையெழுத்துப் போட்டால் மோதலே இல்லை. மோதலே இல்லையென்றால் எதற்காகக் குனிவது. குனிந்தால் மோதல் முடிந்தது, அவன் தோற்றான், தாள் பொய். இதை அவனிடம் சொன்னேன். இலக்கியம் படித்தவள் இல்லையா, தெளிவாகச் சொன்னேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது," என்றான். "உக்காந்துக்கிட்டு குனியறது கணக்குல வராது, இரு."

போர்வையை விலக்கினான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

நான் தாளையும் பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவனுக்கும் எனக்கும் இடையில் இந்தமுறை மூன்று அடி. விதி தெரிந்தவள் என்பதால் என் இடத்தில் நிற்கிறேன். குனிவதா, கையெழுத்துப் போடுவதா, மூன்று அடியைத் தாண்டிப் போய் அவனைப் படுக்க வைப்பதா, இங்கிருந்து என்னால் எழுத முடியவில்லை. ஒருமுறை இதே இடத்தில் நின்று என்ன செய்தேன் என்று பார்த்துவிட்டீர்கள். என்னை நம்பி இதை விடாதீர்கள்.

இடது கால் இறங்கிவிட்டது. வலது கால் தரையைத் தொடுவதற்குள் நீங்கள்