சட்டப்படி நான்தான் முதலாளி

எங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று அக்காவுக்கு விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்துவிட்டது. வெளிநாட்டில் ஒரு கம்பெனி இருக்கும். அவர்களுக்கு இங்கே ஆள் வேண்டும். ஆனால் இங்கே பதிவும் கிடையாது, ஆபீசும் கிடையாது. அதனால் ஆளை எங்கள் பெயரில் வேலைக்குச் சேர்ப்போம். சம்பளம், வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் எங்கள் தலையில். வேலை வாங்குவது மட்டும் அவர்கள். "வாடகைத் தாய்னு சொல்லு" என்றாள் அக்கா. அவ்வளவு பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம், ஒப்புக்குச் சப்பாணி முதலாளி என்றேன். சட்டப்படி ஏகப்பட்ட பேருக்கு நான் முதலாளி. ஒருவர் முகத்தையும் நேரில் பார்த்ததில்லை.

அப்படி ஒருவர்தான் ட்ராயிங்காரர். தான் கால் வைத்தே இராத ஒரு நாட்டில், கட்டடச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் எப்படி ஓட வேண்டும் என்று வீட்டிலிருந்தபடி வரைந்து அனுப்புவார். போனை எடுத்ததும் "நான் ட்ராயிங் பேசறேன் மேடம்" என்பார். எங்களுக்கும் அதுவே அவர் பெயராகிவிட்டது. இந்த வாரம் அவர் மனைவி ஆஸ்பத்திரியில். மூளையில் ஒரு ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருக்கிறதாம். அது வெடிப்பதற்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும். இன்று மதியம் என்று டாக்டர் முடிவு செய்துவிட்டார். இன்ஷூரன்ஸ் எங்கள் மூலமாக. இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒப்புதல் தருவதற்கு முன்னால் முதலாளியைக் கூப்பிட்டு, ஆள் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்பார்கள். அந்த முதலாளி நான். "இருக்கார்" என்று சொன்னால் அந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள்.

காலையில் ஆபீசுக்கு வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து மெயில். அந்தப் பிரிவையே மூடுகிறார்களாம். ட்ராயிங்காரரை இன்றோடு நிறுத்திவிட வேண்டுமாம். கீழே 'அன்புடன்' என்று வேறு போட்டிருந்தார்கள்.

எங்களிடம் ஒரு முறை உண்டு. ஆளை நிறுத்துவதானால் வாயால் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். மெயில் மட்டும் அனுப்பினால் பார்க்கவில்லை என்று பிறகு கோர்ட்டுக்குப் போகிறார்கள். அதனால் வக்கீல் எழுதிக் கொடுத்ததை ஆங்கிலத்தில் வரி விடாமல் போனில் படிப்போம். கேட்டுக்கொண்டிருப்பவர் "புரிஞ்சுது" என்று சொல்ல வேண்டும். அது பதிவாகும். அந்தச் சொல் விழுந்ததும் வேலை போனது, இன்ஷூரன்சும் போனது. ஆபீஸ் போனில் பேசுவதெல்லாம் பதிவாவதால், அவரிடம் நான் ஹலோ சொன்னாலே படித்தாக வேண்டும்.

மேனேஜர் முன்னால் போய் நின்றேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் விதிமுறை.

"சார், நாளைக்குச் சொல்லிக்கலாமே. அவர் வீட்ல இன்னைக்கு ஆபரேஷன்."

"கிளையன்ட் இன்னைக்குன்னு சொல்லிட்டாங்க. விதிமுறை என்ன?"

"அவரும் மனுஷன்தானே சார்."

"நான் இல்லைன்னா சொன்னேன்? லஞ்சுக்குள்ள பேசி முடிச்சிடுங்க."

கெட்டவர் இல்லை. நல்லவராக இருக்கலாம் என்று யாரும் அவருக்கு எழுத்தில் அனுமதி கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்ஷூரன்ஸ் போன் வரும்வரை ட்ராயிங்காரரோடு பேசாமல் இழுத்தடிப்பது என்று முடிவு செய்தேன். கேட்டால், கூப்பிட்டேன், கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். இன்ஷூரன்ஸ்காரர்களும் இதே ஆபீஸ் மொபைலுக்குத்தான் கூப்பிடுவார்கள் என்பதால் அதை அணைக்கவும் வழியில்லை. மேஜை மேல் அது அதிர அதிர நான் கையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தப் பாழாய்ப்போன வேலைக்கு வந்ததற்கு எங்காவது மாவு அரைக்கப் போயிருக்கலாம் என்று தோன்றியது.

பிறகு மெசேஜ் வந்தது. 'மேடம், இன்ஷூரன்ஸ் இன்னும் வரலை. டாக்டர் அவசரப்படுத்தறார். தயவுசெஞ்சு எடுங்க. இல்லேன்னா மெயின் லைன்ல கூப்பிடவா?'

மெயின் லைனை எடுப்பவர் விதிமுறை. எடுத்த கையோடு படித்து முடித்துவிடுவார்.

ஆபீஸ் மொபைலில் பதில் போட்டால் அதையும் படிப்பார்கள். என் சொந்த எண்ணிலிருந்து பேசினால் நாளைக்கு அதையும் தோண்டி எடுத்துவிடுவார்கள். படியில் தடதடவென்று இறங்கிப் போய் வாசல் செக்யூரிட்டியின் போனை வாங்கினேன். எங்கேஜ்டு. மறுபடி போட்டேன், எங்கேஜ்டு. அந்த மனுஷன் என்னையே விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் லைன் எப்படிக் கிடைக்கும்? அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. 'மெயின் லைன்ல கூப்பிடாதீங்க' என்று மெசேஜ் போட்டேன். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வந்ததை அவர் எங்கே பார்க்கப்போகிறார்? செக்யூரிட்டியிடம் போனைக் கொடுத்துவிட்டுத் தெருவில் ஓடி, ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்ஸியைப் பிடித்தேன்.

பாதி வழியில் அவர் அழைப்புகள் நின்றுவிட்டன. அதுவரை இருந்ததைவிட அதுதான் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் கவுன்டர் மாடியில். பினாயில் வாடை. வரிசையாக இரும்பு நாற்காலிகள். அவரைக் கண்டுபிடிக்க நேரமே ஆகவில்லை. எங்கள் கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தார். வேலையில் இருக்கும் ஆள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியட்டும் என்று மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். போனைக் காதில் அழுத்திக்கொண்டு, சுவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"யெஸ் சார்... ஆமா சார்... புரிஞ்சுது சார்."

இன்னும் நாலு எட்டில் போனைப் பிடுங்கியிருக்கலாம். சொல்லிவிட்டார்.

அவருக்கு ஒன்றுமே புரியவில்லை என்று எனக்குத் தெரியும். வேலையில் சேரும்போது நாங்களே சொல்லிக்கொடுப்பதுதான். வெளிநாட்டுக்காரர்கள் பேசுவது பிடிபடாவிட்டாலும் முழிக்காதீர்கள், முதலில் 'புரிஞ்சுது' என்று சொல்லிவிடுங்கள், அப்புறம் மெயிலில் கேட்டுக்கொள்ளலாம் என்போம். நல்ல பிள்ளையாக அதைத்தான் செய்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கவுன்டர் பெண்ணிடம், "ஆபீஸ்லேர்ந்து பெரிய சாரே பேசிட்டாரு. இப்ப வந்துடும் பாருங்க" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

என் கையிலிருந்த ஆபீஸ் மொபைலில் மெசேஜ் விழுந்தது. அனுப்பியவர் விதிமுறை. 'சொல்லியாச்சு. இன்ஷூரன்ஸ் சிஸ்டத்தில் மூடிவிடுங்கள்.'

மூட வேண்டியவள் நான். மூடவில்லை. கணினியில் அவர் இன்னும் எங்கள் ஆள். அவர் பக்கத்தில் போய் என்ன சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. எடுத்தேன். இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண்.

"உங்க ஊழியர் ஒருத்தர் சம்பந்தமா மேடம். இந்த நிமிஷம் அவர் உங்ககிட்ட வேலையில இருக்காரா?"

இரண்டடி தள்ளி அவர் அட்டையை நேராக்கிக்கொண்டு நின்றிருந்தார். வாழ்க்கையில் பஸ்ஸுக்குக்கூட டிக்கெட் எடுக்காமல் போனவள் இல்லை நான்.

"இருக்கார்" என்றேன்.

"நீங்க பேசறது பதிவாகுது மேடம். தப்பா இருந்தா உங்க மேல கேஸ் வரும். உங்க பேரு?"

சொன்னேன்.

"அவருக்கு நீங்க என்ன வேணும்?"

"முதலாளி."

குரலைக் கேட்டுத் திரும்பிவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். வாய் திறந்து ஏதோ சொல்ல வருவதற்குள் கவுன்டர் பெண், "வந்துடுச்சு சார்" என்றாள். உள்ளேயிருந்து அவர் மனைவியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தலையை மழித்திருந்தார்கள். சின்னப் பெண். ட்ராயிங்காரர் ஸ்ட்ரெச்சர் கூடவே கதவுவரை ஓடி, கதவு மூடியதும் திரும்பி என்னிடம் வந்து இரண்டு கைகளையும் கூப்பினார்.

"எனக்காக நேர்லயே வந்துட்டீங்களா மேடம்? வெளிநாட்டுல கேட்டா சொல்லுங்க, ரெண்டு நாள்ல உக்காந்து பாக்கி ட்ராயிங்கை முடிச்சுக் குடுத்துடறேன். இவ கண்ணு முழிச்சா போதும்."

விதிமுறையின் மெசேஜ் தெரியாமல் மொபைலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"பெரிய சார் ஏதோ நீளமா படிச்சாரு மேடம். பாதி புரியலை. நல்ல விஷயம்தானே?"

"உக்காருங்க" என்றேன். "முதல்ல அவங்க வெளிய வரட்டும்."