நிலவில் ஒன்றரைக் கிலோ

1

இந்தக் கதை ஆயர் குரோ என்ற ஊரில், ஓர் அறிவியல் கண்காட்சி வரிசையில் நின்றபோது கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் தன் குழந்தையை, நிலவில் எவ்வளவு எடை என்று காட்டும் ஓர் இயந்திரத்தில் நிறுத்தினாள். 1.5 என்று காட்டியது. அவள் முகம் மாறியது. நான் பார்த்தது அவ்வளவுதான். முன்பின் தெரியாதவர்களிடம் எனக்குப் பேச வராது. அதனால் அவளுக்குப் பெயர், கணவன், வேண்டுதல் எல்லாவற்றையும் நானே கொடுக்க வேண்டியிருக்கிறது.

முதல் தொடக்கம்: "நிலவின் ஈர்ப்பு விசை பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்கு என்பதை..." (வேண்டாம். பாடப்புத்தகம்.)

இரண்டாவது: "பால்போல் நிலா பொழிய..." (வேண்டாம். நடந்தது பகலில், குளிரூட்டிய ஏர்கோன் மண்டபத்தில்.)

2

புனிதாவுக்குத் தராசு என்றாலே ஆகாது. மகள் தேவிஸ்ரீ குறைமாதத்தில் ஒன்றரைக் கிலோவாகப் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று புனிதா வேண்டிக்கொண்டாள்: பிழைத்து எழுந்து நடக்கட்டும், இவள் எடைக்குச் சீனி துலாபாரம் கொடுக்கிறேன்.

குழந்தை பிழைத்தாள், நடந்தாள், இப்போது ஓடுகிறாள். வேண்டுதல் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கிளினிக்கில் எடை பார்க்கக் கூட்டிப்போவதெல்லாம் கணவன் சுகுமாரன்தான். போன வாரம் 10.2 கிலோ. செங் என்ற பக்கத்து ஊர்க் கோயிலில் வரும் வெள்ளிக்கிழமைக்குச் சொல்லிவைத்திருந்தான். இதற்கு முன் இரண்டு முறை சொல்லி, இரண்டு முறையும் புனிதா தள்ளிப்போட்டாள்.

கண்காட்சியில் ஒரே அளவில் இரண்டு கறுப்புக் கற்கள் இருந்தன. ஒன்று பூமியில் கனப்பதுபோலக் கனக்கும். மற்றது நிலவில் கனப்பதுபோல உள்ளே குடைந்து செய்தது. சுகுமாரன் இரண்டாவதை ஒற்றைக் கையால் தலைக்கு மேல் தூக்கினான்.

"பாத்தியா? ஹீரோ லா!"

"ஆமா, உள்ள ஒண்ணுமில்லாத கல்லு. நல்ல ஜோடி."

அடுத்தது எடை இயந்திரம். அதைப் பார்த்துக்கொண்ட மாணவன் தர்ஷன், "பாப்பாவ நிக்க வைங்க அக்கா, மூன்ல எவ்ளோ வெயிட்னு காட்டும்" என்றான். புனிதா வேண்டாமென்பதற்குள் தேவிஸ்ரீ ஏறிவிட்டாள். விழுந்துவிடுவாளோ என்று புனிதா குனிந்து அக்குளில் பிடித்துக்கொண்டாள்.

சிவப்பு எழுத்தில் 1.5.

"நிலாவுல வேண்டியிருந்தா ரெண்டு பாக்கெட் சீனியில முடிஞ்சிருக்கும்" என்று சிரித்தான் சுகுமாரன்.

புனிதா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை வேணாங்க."

"மறுபடியுமா? ஐயர்கிட்ட சொல்லியாச்சு புனி."

"சீனிய வைக்க வைக்க இவ தட்டு மேல போகும். இவ லேசா ஆவுறத இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது."

3

சுகுமாரனின் ஜோக்கில் பிழை இருக்கிறது. நிலவில் குழந்தை லேசானால் சீனியும் லேசாகும். தராசு ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுகிறது, அவ்வளவே. இங்கே ஒரு கிலோ பாக்கெட் பத்து என்றால் அங்கேயும் அதே பத்துப் பாக்கெட்தான்.

(இதை அவனையே சொல்ல வைத்துப் பார்த்தேன். அவன் வாயில் உட்காரவில்லை.)

என் கதையிலும் பிழை இருந்தது. 10.2 நான் எழுதிய எண். அதை ஆறால் வகுத்தால் 1.7 வரும். நான் கண்ணால் பார்த்தது 1.5. சரி, கிளினிக் எண்ணை மாற்றிவிடலாம் என்று ஒன்பது என எழுதினேன். அப்போதுதான், குழந்தையை அக்குளில் தாங்கியிருந்த அந்தப் பெண்ணின் கைகள் ஞாபகத்துக்கு வந்தன.

ஒன்பதை எடுத்துவிட்டு 10.2-ஐத் திரும்ப எழுதினேன். குறைந்த எடை அம்மாவின் கையில் இருந்தது.

4

முடிவு அ: வெள்ளிக்கிழமை புனிதா போகவில்லை. (நடக்கக்கூடியதுதான். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமையும் வருமே.)

முடிவு ஆ: கோயில் நிலவில் இருக்கிறது. அங்கே சீனி கிடைக்காது, கல் கிடைக்கும். மறு தட்டில் கல்லாக அடுக்குகிறார்கள். ஈர்ப்பு குறைவு என்பதால் தராசு இங்கே ஆடுவதைவிட மெதுவாக, ஏறக்குறைய இரண்டரை மடங்கு நேரமெடுத்து ஆடுகிறது. (எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் புனிதா செங்கையே தூரம் என்பவள்.)

முடிவு இ: செங். வெள்ளிக்கிழமை. தேவிஸ்ரீ தட்டில் உட்கார்ந்து காலை ஆட்டுகிறாள். மறு தட்டில் பத்துப் பாக்கெட் ஏறிவிட்டது. தராசு நேராக நிற்கவில்லை. சுகுமாரன் ஒன்றை எடுக்கிறான், திரும்ப வைக்கிறான்.

"சீனி சரியாத்தான் இருக்கு" என்கிறார் ஐயர். "நீங்க கைய எடுங்கம்மா."

அப்போதுதான் புனிதா குனிந்து பார்க்கிறாள். அவள் விரல்கள் தட்டின் விளிம்பில் இருக்கின்றன.

"மா, வுடு" என்கிறாள் தேவிஸ்ரீ.

புனிதா சுண்டு விரலை எடுக்கிறாள். அடுத்து

(இதற்கு மேல் நான் எழுதினால் நானும் தட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதாக ஆகும். முதலில் நான் கையை எடுத்துக்கொள்கிறேன்.)