ஓட்டக்காரத் தம்பி

தையல்காரம்மாவுக்குப் பொய் சொல்ல வராது என்பது தெருவுக்கே தெரியும். "இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காதுங்க" என்று வாடிக்கையாளரின் முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிற ஆள். அதனால்தான் அன்று காலை அவள் கணவர் அவளையே சுற்றிச் சுற்றி வந்தார். தூரதேசத்தில் மறைப்பணி செய்யப் போய் அங்கேயே கொல்லப்பட்ட அவள் தம்பிக்குப் புனிதர் பட்டம் கொடுக்கலாமா என்று விசாரிக்க ஒரு பாதிரியார் வருகிறார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அந்தப் பல் டாக்டர் கதை வேணாம்," என்றார் கணவர்.

"நான் ஏங்க அதை எடுக்கப்போறேன்?"

பாதிரியார் வந்தார். மேசையில் கிடந்த வெட்டுத்துணிகளை ஒதுக்கிவிட்டுப் பைபிளை வைத்தார். அதன் மேல் அவள் கையை வைக்கச் சொல்லி, உண்மையே பேசுவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டார். போச்சுடா என்று கணவர் இஸ்திரிப் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்க தம்பி சின்ன வயசிலேயே தைரியசாலியாம்மா?"

அவள் கழுத்தில் தொங்கிய டேப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள். உள்ளதைச் சொன்னால் தம்பியின் பட்டம் பறிபோகும். மறைத்தால் சத்தியம் என்னாவது?

"தைரியமா? அவனா?" என்றாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவள் வாயை யாராலும் கட்ட முடியவில்லை.

கோழி இறக்கையை அடித்தாலே ஓட்டமெடுப்பானாம். பல் பிடுங்கப் போன இடத்தில், கழுத்தில் கட்டிய துணியோடு ஜன்னல் வழியாகக் குதித்துக் கடைத்தெரு முழுக்க ஓடினானாம். பாதிரியாருக்குப் படிக்கக் குருமடத்தில் சேர்த்த முதல் வாரமே பெட்டியும் கையுமாக வீட்டு வாசலில் நின்றானாம். ஒவ்வொரு முறையும் துரத்திப் பிடித்துக் காதைத் திருகிக் கொண்டுபோய் விட்டது அக்காதான்.

"கப்பல் ஏறுறப்பகூட என் முந்தானையை விடல ஃபாதர். 'பயமா இருந்தா ஓடி வந்துடுவேன்க்கா'ன்னான். 'வா, காது இருக்கா பாக்கிறேன்'னேன்."

பாதிரியார் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. பிறகு எழுதிக்கொண்டிருந்த குறிப்பேட்டை மூடி வைத்தார்.

"பட்டம் போயிடுச்சா ஃபாதர்?"

"அன்னிக்கு நடந்தது உங்களுக்கு முழுசாத் தெரியுமாம்மா?"

"ஆயுதத்தோட வந்து கொன்னுட்டாங்கன்னு சொன்னாங்க. அதுக்கு மேல கேக்க எனக்குத் தெம்பில்ல."

அவர் சொன்னார். தம்பி நடத்திய நோயாளிகள் இல்லத்துக்கு அந்த ஆயுதக்காரர்கள் வருவது முன்பே தெரிந்துவிட்டது. நடக்க முடிந்தவர்களை எல்லாம் தம்பியே பின்கதவு வழியாக அனுப்பிவைத்தார். எழுந்திருக்க முடியாத சிலர் கட்டிலில் கிடந்தார்கள்.

"நீங்களும் வாங்கன்னு கையைப் பிடிச்சு இழுத்திருக்காங்க. 'ஓட்டத்துல என்னை மிஞ்ச ஆளே இல்ல. இவங்களாலதான் ஓட முடியாது'ன்னு சிரிச்சாராம். வேதத்தை விட்டுட்டா உயிரோட விடுறோம்னு வந்தவங்க சொன்னதுக்கும் அவர் அசையல."

"பின்கதவு திறந்தா இருந்துச்சு?"

"திறந்துதாம்மா இருந்துச்சு."

அவள் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, வாயோ சிரித்தது.

"துரத்திப் பிடிக்க நான் இல்லாமலே நின்னுட்டானா?"

"நின்னுட்டார்மா," என்றார் பாதிரியார்.

கணவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். "அந்தப் பல் டாக்டர் கதையை இன்னொரு தடவை சொல்லு. ஃபாதர் சரியா எழுதிக்கட்டும்."